குரல் மட்டும் போதும்

விடிந்தும் விடியாத நேரத்தில், மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே நின்று மேகலா பென்சீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே ஆள் இல்லை. ஒரு ஸ்டூல், அதன்மேல் இன்னொரு ஸ்டூல், அதன்மேல் செங்கல், செங்கல்லில் சாய்த்துவைத்த போன். அதைப் பார்த்துச் சிரித்தபடி, "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு மூச்சு காத்திருந்தாள். வகுப்பறையில் ஊறிப்போன பழக்கம், லேசில் வாயை விட்டுப் போகுமா?

குடோனில் காற்று இல்லை. மின்விசிறியைப் போட்டால் அதன் இரைச்சல் பாடத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். சோளத்தூசி மூக்கில் ஏறித் தும்மலாக நின்றது. முதல் தடவை பேசும்போது காட்டுப்பக்கம் மயில் அகவியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மூன்றாவது முறை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சிறுவாச்சூர் நெடுஞ்சாலையில் போன ஏதோ ஒரு லாரி, நாலு ஊருக்கும் கேட்கும்படி பிரேக் போட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை மறுபடி முகத்தில் ஒட்டிக்கொண்டு, "வணக்கம் மாணவர்களே" என்று ஆரம்பித்தாள். வேதியியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள் அவள்.

வீட்டுக்குள் பேசினால் சுவர் எதிரொலித்தது. மூட்டைகளுக்கு நடுவில்தான் குரல் சுத்தமாகப் பதிந்தது. வீடு முழுக்க அலைந்து அவளே கண்டுபிடித்த இடம் இது. ஆனால் மூட்டை தூக்குகிறவர்கள் வருவதற்குள் முடித்தாக வேண்டும். அவள் கணவன் ஜெயசீலன் மக்காச்சோள வியாபாரி. குடோன் கதவை ஓசைப்படாமல் திறந்து எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சிருச்சா? லோடுமேனுங்க வந்துட்டாங்க."

"ம்."

"டீ வைக்கட்டுமா?"

அவள் ஸ்டூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் வூட்லயும் நீ அந்தப் போன்கிட்ட பேசற மாதிரிதான் பேசற. நாம பதில் சொன்னாலும் ஒன்னுதான், சொல்லாட்டியும் ஒன்னுதான்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான். அவளுக்கு அது உறைக்கவும் இல்லை. கொஞ்ச காலமாக எதுவுமே உறைப்பதில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், சிமென்ட் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே நிற்கிறது அவள் வேலை பார்க்கும் தனியார் பல்கலைக்கழகம். நிறுவனர் உடையார்பாளையத்துப் பக்கம் பெரிய நிலக்காரர். நிலத்தை விற்று அவர் கட்டடம் எழுப்பினார். மகன் பரணிதரன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, பாடம் நடத்தக் கட்டடமே தேவையில்லை என்று கண்டுபிடித்தார். இப்போது அவர்தான் இயக்குநர். வாசலில் 'மின்வழிக் கற்றல், உலகம் உங்கள் உள்ளங்கையில்' என்று பேனர் தொங்கியது. பாடங்கள் எல்லாம் போனில் வரும். மாணவர்கள் முழு வீடியோவையும் ஓட்டி முடித்தால் வருகைப்பதிவு தானாக விழும்.

சும்மா சொல்லக் கூடாது, அதில் நல்லதும் இருந்தது. பருத்தி எடுக்கப் போய்விட்டு வரும் பெண்கள் சாயந்தரம் பாடம் கேட்டார்கள். ஒரு தடவையில் பிடிபடாததைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஆசிரியர்களும் ஆசையோடுதான் இறங்கினார்கள். மேகலாவே முதல் வீடியோவைப் பிறந்தவீட்டுக்கெல்லாம் அனுப்பினாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை ஆசிரியர் அறையில் கேட்டது. மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டு, சுவரில் பச்சைத் துணி அடித்து, அதை ஸ்டூடியோ ஆக்கினார்கள். அவரவர் முறை வரும்போது தனியாக வந்து, பேசிவிட்டு, தனியாகப் போக வேண்டும். முறை கிடைக்காத பாடங்களை வீட்டிலேயே பேசிப் பதிந்து அனுப்ப வேண்டும். ஒன்றாக உட்கார்ந்து டப்பா சோற்றைப் பகிர்ந்து தின்றவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் போனில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தாவரவியல் கிருஷ்ணமூர்த்தி தன் பாடங்களை எல்லாருக்கும் முன்னதாகப் பேசி முடித்தார். பேசி முடித்ததும் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பாடம் மட்டும் இன்றைக்கும் ஓடுகிறது. ஆள் வீட்டில், முகம் வேலையில். அடுத்து ஆய்வக உதவியாளர் உண்ணாமலையை நிறுத்தினார்கள். செய்முறையே திரையில் வந்துவிட்ட பிறகு குடுவை கழுவ ஆள் எதற்கு?

இதையெல்லாம் மேகலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் பாடங்கள் முடிந்தால் தனக்கும் பொன்னாடைதான் என்பது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு விடியலிலும் மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றாள். கோபம் வர வேண்டிய இடத்தில் ஒரு தூக்கக் கலக்கம்தான் வந்தது.

அவளுடைய வகுப்பில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தை நீர்க்கச் செய்வது எப்படி என்று காட்டுவதற்கு முன்னால், எப்படிச் செய்யக் கூடாது என்பதை முதலில் காட்டுவாள். இரண்டு காலிக் குவளைகளை எடுத்துக்கொள்வாள். "இது அமிலம், இது தண்ணி" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குவளையை அமிலத்தின் மேல் சாய்க்கப் போவாள். வகுப்பே எழுந்து, "மேடம், வேணாம்!" என்று கத்த வேண்டும். கடைசி பெஞ்சிலிருந்தும் சத்தம் வரும்வரை சாய்த்த கையை எடுக்க மாட்டாள். "தண்ணிய ஊத்துனா என்னாகும்?" என்பாள். "கொதிச்சுத் தெறிக்கும்!" என்பார்கள். அதற்குப் பிறகுதான் சரியான முறை: தண்ணீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவளிடம் படித்தவர்கள் கல்யாண வீட்டில் பார்த்தால்கூட, "மேடம், வேணாம்!" என்று கத்திச் சிரிப்பார்கள்.

ஸ்டூடியோவில் அதே பாடத்தை எடுத்தபோதும் வழக்கப்படி காலிக் குவளையைச் சாய்த்தாள். சாய்த்துவிட்டுக் காத்திருந்தாள். பச்சைத் துணி கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்படிச் செய்யக் கூடாது" என்று தானே சொல்லிக்கொண்டு மேலே போனாள். கேமராக்காரர் ஆண்டவர், "நடுவுல சும்மா நின்னீங்களே மேடம், அத வெட்டிரச் சொல்லிட்டாங்க" என்றார். வெட்டினார்கள். சாய்த்த கைக்கும் சரியான முறைக்கும் நடுவே ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது.

ஆய்வுக் குழு ஒன்று பல்கலைக்கழகத்தைப் பார்வையிட வந்த நாளில் அது நடந்தது. திரையில் மட்டும் பாடம் ஓடினால் போதாது, மாணவர்கள் சோதனை செய்வதையும் காட்ட வேண்டும் என்று, இரண்டாம் ஆண்டு மாணவர்களைப் பஸ் வைத்து அழைத்து வந்து ஆய்வகத்தில் நிறுத்தினார்கள். பூட்டிக் கிடந்த அறை. மேகலா வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டிருந்தபோது பரணிதரன் உள்ளே வந்தார்.

"மேடம், நீங்க ஸ்டூடியோவுக்கு வாங்க. குழுவுக்கு நேரடி ரிக்கார்டிங் காட்டணும்."

"சார், இங்க அமிலம் இருக்கு. பக்கத்துல ஆள் இல்லாம விடக் கூடாது."

"டி.வி.யில நீங்களேதானே நிக்கப் போறீங்க?" என்று சிரித்தார்.

அவள் ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் பின்னால் போனாள்.

சுவர் டி.வி.யில் அவளுடைய பாடம் ஓடியது. குழுவுக்கு இயக்குநர் வெளியே தாழ்வாரத்தில் விளக்கம் கொடுத்துக்கொண்டே வந்ததால் யாரோ அதன் சத்தத்தை நிறுத்திவைத்தார்கள். திரையில் மேகலா சிரித்தாள். ஒரு குவளையை இன்னொன்றின் மேல் சாய்த்தாள். அனுசுயா என்ற மாணவி அதைப் பார்த்தபடியே, குவளையில் இருந்த அமிலத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றினாள்.

சத்தம் கேட்டு மேகலா ஓடிவந்தபோது அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆய்வகம் பூட்டிக் கிடந்ததால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவே இல்லை. குழுவுக்காக வாங்கிவைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினார்கள். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலது கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துபோயின. தேர்வு எழுதுவது அந்தக் கையால்தான்.

மறுநாள் மேகலா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அனுசுயாவின் அப்பா செல்லப்பன் ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக்காடு குத்தகைக்கு எடுத்திருப்பவர். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டுக் கறுத்த விரல்களால் நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்க டீச்சரம்மா" என்றார். அம்மா பச்சையம்மாள் கட்டிலின் தலைமாட்டில் நின்று மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அனுசுயாவின் கை முழுக்கக் கட்டு.

"ஏம்மா அப்படி ஊத்தின?" என்று மேகலா கேட்டாள். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அனுசுயா விழித்தாள். "வீடியோல நீங்க அப்படித்தான மேடம் ஊத்துனீங்க?"

"கூடாதுன்னு சொன்னேனே."

"சத்தம் வச்சுப் பாத்ததில்ல மேடம். பஸ்சுலதான் பாப்பேன். சத்தம் வச்சா கண்டக்டர் திட்டுவாரு. எங்கூட்ல ஒரே போனு, தம்பிக்கும் அதுலதான் பாடம். வேகமா ஓட்டி முடிச்சாத்தான் ரெண்டு பேருக்கும் அட்டெண்டன்ஸ் விழும். நீங்க ரெண்டு மாதிரி செஞ்சீங்க. மொதல்ல செஞ்சதுதான் ஞாபகம் இருந்துச்சு."

அந்தப் பெண்ணின் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பரீட்சையில் விட்ட விடைக்குக் காரணம் சொல்வது மாதிரிதான் சொன்னாள். மேகலா தன் வலக்கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். அழ வேண்டும் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. இதற்குக்கூட வரவில்லையே என்று மட்டும் நினைத்தாள்.

வெளியே வரும்போது செல்லப்பன் பின்னால் வந்தார். "டீச்சரம்மா, காலேஜிலேருந்து வந்தவங்க எம்புள்ள மேலதான் தப்புன்னு சொல்றாங்க. சொன்னத மீறி தொட்டுருச்சாம். படிப்பையும் நிறுத்திப்புடுவாங்கன்னு பயமா இருக்கு. வயித்தக் கட்டி வாயக் கட்டிச் சேத்தமுங்க." அவள் முகத்தைப் பார்த்து, "நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க" என்றாள் மேகலா. 

பரணிதரன் தன் அறையில் அவளுக்கு டீ வரவழைத்தார். அதுவரை யாருக்கும் வரவழைத்ததில்லை.

"விசாரணைக் கமிட்டி வரப்போகுது மேடம். அவங்க வீடியோவப் பாப்பாங்க. அதுல யாரோட கை இருக்கு?"

"என் கைதான் சார்."

"அதான். உங்கள விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல. ஒரு சின்ன வேலை செஞ்சிருவோம். வீடியோ ஆரம்பத்துல ஒரு எச்சரிக்கை. 'ஆசிரியர் இல்லாமல் யாரும் அமிலத்தைத் தொடக் கூடாது, அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.' திரையில எழுத்து வந்துரும். நீங்க பேசுனா போதும். பழைய வீடியோவ எடுத்துட்டு அந்த இடத்துல இத வச்சிருவோம்."

"எப்ப பேசுன மாதிரி சார்?"

"அப்பவே பேசுன மாதிரிதான்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"எச்சரிக்கைய மீறியிருக்காங்க. சின்னப் பொண்ணு, பாவம். நாம ஒன்னும் கேஸ் போடப் போறதில்லயே."

"ஆய்வகத்துல தண்ணி இல்ல சார். உண்ணாமலை இருந்திருந்தா காலையிலயே தொட்டிய நெரப்பியிருப்பாங்க. நான் இருந்திருந்தா கையப் புடிச்சிருப்பேன்."

"இருந்திருந்தா, இருந்திருந்தா…" பரணிதரன் பேனாவை மூடினார். "உலகம் எங்கயோ போயிட்டிருக்கு மேடம். நீங்க இன்னும் கையப் புடிக்கறதப் பத்திப் பேசறீங்க. உங்க பாடத்துல பாக்கி கொஞ்சந்தான் இருக்கு. அதுக்கப்புறம் உங்கள எங்க வைக்கறதுன்னு நான்தான் யோசிக்கணும். நாளைக்கு வாங்க. நேர்ல நிக்கக்கூட வேணாம், குரல் மட்டும் போதும்."

டீயை அவள் குடிக்கவில்லை. ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பேசினால் அவள் தப்புவாள். அனுசுயாவின் படிப்பும் பேரும் போகும். பேசாவிட்டால் வேலை போகும். அதோடு, மாணவியின் கையை வேகவைத்தவள் என்ற பழியும் அவள் தலையிலேயே விழும். அதன்பின் இந்த இரண்டு மாவட்டத்தில் எந்தக் கல்லூரி வாசலிலும் அவள் நிற்க முடியாது. இதை அவள் ஒரு சமன்பாட்டைச் சரிபார்ப்பது போலத்தான் யோசித்தாள். யோசித்தபடியே பஸ்ஸைத் தவறவிட்டாள்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் டீக்கடைப் பக்கம் இயற்பியல் கலைவாணன் நின்றிருந்தார். பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. "என்ன மேடம், போன்ல பாக்கறதுக்கு இளைச்ச மாதிரி தெரியறீங்க?" என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திக்கொண்டார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் கை காட்டியதையும், ஒரே தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதையும் விடாமல் சொன்னாள். கணிதம் அம்பிகா துறையூர் பஸ்ஸுக்காக வந்தாள், அவளும் நின்றாள். விலங்கியல்காரர் ஒருவர், கணினித் துறையில் இரண்டு பேர் என்று சேர்ந்துகொண்டார்கள். ஆசிரியர் அறை போனபிறகு அவர்கள் இத்தனை பேராக ஓரிடத்தில் நின்றது அன்றைக்குத்தான். அதுவும் பஸ் நிலையத்தில், மூத்திர வாடைக்கும் வெங்காய பஜ்ஜி வாடைக்கும் நடுவில்.

"பேசிட்டு வந்துருங்க மேடம்" என்றார் விலங்கியல்காரர். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? அவரு எதுனாலும் செய்வாரு."

"செய்வாருதான்" என்றார் கலைவாணன். "மேடம் முடியாதுன்னா என்னையக் கூப்புடுவாரு. திரையில எழுத்துதான வருது, எவன் குரலா இருந்தா என்ன? நான் முடியாதுன்னா உங்களக் கூப்புடுவாரு. நாம ஒவ்வொருத்தரா தனியா போறோம், தனியா பேசறோம், தனியா வூட்டுக்கு வரோம். கிருஷ்ணமூர்த்தி சாரை அனுப்புனப்ப நாம என்ன செஞ்சோம்? வாட்ஸ்அப்புல கும்பிடு போட்டோம்."

 எல்லாரும் கும்பிடு போட்டவர்கள்தான்.

"எனக்குப் போக்கிடம் இல்ல சார்" என்றாள் அம்பிகா. "எங்கூட்டுக்காரரு போனதுக்கப்புறம் புள்ளைங்களுக்கு நான்தான். எங்கிட்ட வீரம் எதிர்பார்க்காதீங்க."

"வீரம் வேணாங்க" என்றார் கலைவாணன். "யாரைக் கூப்புட்டாலும் முடியாதுன்னு சொல்லிட்டு வெளிய வந்து அங்கயே உக்காருவோம். வூட்டுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

"உக்காந்து?" என்றாள் அம்பிகா.

மேகலாதான் பேசினாள். "ஆள் இல்லாம ஆய்வகம் திறக்கக் கூடாது. உண்ணாமலையும் கிருஷ்ணமூர்த்தி சாரும் திரும்ப வரணும். வீடியோ இருக்கட்டும், நாமளும் இருக்கணும். அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு அவங்க அப்பாகிட்ட காலேஜே சொல்லணும்." பாடம் நடத்துகிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

கோஷம் இல்லை, கைதட்டல் இல்லை. துறையூர் பஸ் வந்தது. அம்பிகா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மற்றவர்களும் அவரவர் பஸ்ஸைப் பார்த்துப் போனார்கள். கலைவாணன் கிருஷ்ணமூர்த்திக்குப் போன் போட்டுக்கொண்டே நடந்தார். நாளைக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட முடியாத முகங்கள் அவை.

மறுநாள் ஸ்டூடியோவில் பரணிதரனே இருந்தார். ஆண்டவர் மைக்கை நீட்டினார். மேகலா வாங்கவில்லை.

"பேச மாட்டேன் சார்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"உண்மையப் பேசச் சொன்னா பேசறேன். அந்தப் பொண்ணு நான் காட்டுனதத்தான் செஞ்சுது. பக்கத்துல ஆள் இல்ல. ஆள் இல்லாம ஆக்கினது நீங்க. ஒரு தடவ சொல்லிட்டு வாய மூடிக்கிட்டுப் போனது நான். இத எந்தக் கமிட்டியிலயும் சொல்லுவேன்."

"அப்ப உங்க கை சிக்கும்."

"சிக்கட்டும் சார். கூட யார் கை சிக்குதுன்னும் பாப்போம்."

பரணிதரன் கதவைக் காட்டினார். அவள் வெளியே வந்து ஸ்டூடியோ வாசலுக்கு எதிரே, தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்தாள். மொசைக் தரை சில்லென்று இருந்தது. துப்புரவு செய்யும் பெண் துடைப்பத்தோடு வந்து, விரிவுரையாளர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கிப் போனாள். மேகலாவுக்கு வெட்கமாகக்கூட இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைவாணனை அழைத்தார்கள். உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து, பேண்ட்டை முழங்காலில் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் சம்மணம் போட்டார். "என்ன சொன்னாரு?" என்று அவள் கேட்டாள். "என் எதிர்காலத்தப் பத்திக் கவலைப்பட்டாரு" என்றார். கணினித் துறையில் ஒருவர் வந்தார், அவரும் உட்கார்ந்தார். இன்னொருவர் வரவே இல்லை. உடம்பு சரியில்லை என்று போனில் தகவல் வந்ததாம். விலங்கியல்காரர் உள்ளே போய்விட்டு வந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

"பேசிட்டாரோ?" என்றார் கலைவாணன்.

தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கீழேயிருந்து ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் தூக்கிக்கொண்டு வந்தார். "எத்தன நேரம் உக்கார வேண்டியிருக்குமோ" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்தார்.

பிறகு அம்பிகாவை அழைத்தார்கள். அவள் இவர்களைத் தாண்டிப் போனபோது தலையைக் குனிந்துகொண்டாள். கதவு மூடியது. வெகுநேரம் திறக்கவில்லை. உள்ளே பரணிதரனின் குரல் ஏறுவதும் தணிவதும் கேட்டது. அம்பிகாவின் குரல் கேட்கவே இல்லை.  பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்பவளை யார் என்ன சொல்ல முடியும்?

கதவு திறந்தது. அம்பிகா வந்தாள். கண் சிவந்து, உதடு காய்ந்து, எங்கே போவது என்று தெரியாதவளாக ஒரு கணம் நின்றாள். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேகலாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஆண்டவரும் வெளியே வந்தார்.

"என்னாங்க, உங்களையும் பேசச் சொன்னாரா?" என்றார் கலைவாணன்.

"ஆமாங்க சார். கேமராவும் நீயே வையி, குரலும் நீயே குடுன்னாரு. எம்பொண்ணும் அந்தப் பொண்ணு வயசுதாங்க. கேமராவ அலமாரியில வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்." சாவியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே அவரும் தரையில் உட்கார்ந்தார்.

உள்ளறையிலிருந்து பரணிதரன் வெளியே வந்து எல்லாரையும் பார்த்தார். "இது கல்வி நிறுவனம், கட்சி ஆபீஸ் இல்ல. சாயங்காலத்துக்குள்ள எழுந்து போயிருங்க. இல்லன்னா போலீச வச்சுப் பேச வேண்டியிருக்கும்" என்றார். ஒருவரும் எழவில்லை. எழாமல் இருப்பது அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் போனை எடுத்துக் காதில் வைத்தபடி வேகமாக நடந்தார்.

அம்பிகாவின் தோள் மேகலாவின் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. சூடான தோள். மூச்சு வாங்குகிற தோள்.    போலீஸ், கமிட்டி, ஜெயசீலனிடம் என்ன சொல்வது, அனுசுயாவின் கை பழையபடி எழுதுமா என்று எல்லாம் ஒரே சமயத்தில் மேகலாமேல் வந்து விழுந்தது. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலில் மறுபடி ரத்தம் ஓடினால் முள் முள்ளாகக் குத்துமே, அப்படித்தான் இருந்தது. அவள் அழுதாள். சத்தமாகவே அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

கீழே வாட்ச்மேன் யாரையோ தடுத்து நிறுத்தும் சத்தம் கேட்டது. "சார், உங்களுக்கு இங்க இப்ப வேலை இல்லீங்களே!" என்றான் அவன். "எம்மூஞ்சிக்கு இருக்குதப்பா, அதுக்குத் துணைக்கு வந்தேன்" என்று கிருஷ்ணமூர்த்தியின் குரல் பதில் சொன்னது. கூடவே உண்ணாமலை யாரையோ அதட்டுவதும், படிகளில் பல செருப்புகளின் சத்தமும் கேட்டன.

மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பயமா இருக்கு அம்பிகா" என்றாள்.

"எனக்குந்தாங்க மேடம். செத்த தள்ளி உக்காருங்க, இன்னும் ஆளுங்க வராங்க."

மேகலா தள்ளி உட்கார்ந்தாள்.